முதலில் கூரை, பிறகு படுக்கை

குமரி மலையடிவாரத்தில் ஓர் இரவு தங்க நினைப்பவர்களுக்கு: தார்ப்பாயா, தொங்குபடுக்கையா?

குளச்சல் கடற்கரையிலிருந்து பேச்சிப்பாறை அணை நேர்க்கோட்டில் சுமார் 30 கி.மீ. மழை வெறித்த காலைகளில் கடலுக்குள் நின்றே மலை முகடுகளைப் பார்க்கலாம். எந்த முகட்டுக்கு நேராக எந்தக் கோயில் கோபுரம் வருகிறது என்று பார்த்தே மீன் கிடக்கும் இடத்தைக் குறித்துவைத்த தலைமுறை இன்னும் கரையில் இருக்கிறது. கடலோரத்துக்காரர்களுக்கு மலை அந்நியமில்லை. இதுவரை தூரத்திலிருந்து பார்த்தார்கள். இப்போது பக்கத்தில் போய் நடக்கவும், ஓர் இரவு அங்கேயே தங்கவும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆசையோடு கைப்பேசியைத் திறப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது விளம்பரம். இரண்டு பைன் மரங்கள், நடுவே வண்ண நைலான் துணியில் ஒருவர் சாய்ந்து படுத்திருக்கிறார், பின்னால் பனி மூடிய மலை. அரைக் கிலோ எடை, கைக்குள் அடங்கும் உறை, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஹேமாக் என்று விற்கப்படும் அந்தத் தொங்குபடுக்கையை (நம் வழக்கில் தொட்டில் என்றே சொல்லலாம்) வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்தப் படத்தில் மழை இல்லை, கொசு இல்லை, அட்டை இல்லை, யானை இல்லை. நம் ஊரில் இவை எல்லாம் உண்டு. எனவே எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடையை நம் மழையையும் மண்ணையும் மரத்தையும் வைத்துத்தான் தேடவேண்டும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையை முதலில் வாங்குங்கள். நல்ல தார்ப்பாய் ஒன்றும் நல்ல கயிறும் இருந்தால் தரையிலும் படுக்கலாம், தொட்டிலிலும் படுக்கலாம். தொட்டில் மட்டும் இருந்து கூரை இல்லையென்றால், குமரி மாவட்டத்தில் அது பகல் தூக்கத்துக்குத்தான் உதவும்.

எங்கே தங்கலாம்?

பொருளைப் பற்றிப் பேசுமுன் இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதைத் தாண்டிப் போய்ப் பல பேர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

குமரி மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி, சுமார் 400 சதுர கி.மீ., கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. வீரப்புலி, அசம்பு, களமலை, கிளாமலை என்று நாம் பெயர் சொல்லும் மலைகள் எல்லாம் காப்புக்காடுகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதையே தடுக்கிறது. 30ஆம் பிரிவு தீ மூட்டுவதைத் தடுக்கிறது. ஆகவே காட்டுக்குள் நம் விருப்பத்துக்குத் தார்ப்பாய் கட்டிப் படுத்துவிட்டு வருவது சாகசமில்லை, குற்றம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2023 ஜூனில் கம்பம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதியில்தான். அவன் வருவதற்கு முன்பும் அது யானைகளின் வழிதான். அந்த மலைகளில் தலைமுறைகளாக வாழும் காணி மக்கள், பயிர்க்காவலுக்கும் இரவுத் தூக்கத்துக்கும் உயரமான மரங்களில் ஏறுமாடம் கட்டினார்கள். காட்டை நன்றாக அறிந்தவர்களே யானைக்கு எட்டாத உயரத்தில் படுத்தார்கள் என்றால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கும் நைலான் துணி எந்தக் காவலும் இல்லை.

2018 மார்ச் 11 நினைவிருக்கும். கொழுக்குமலையில் தங்கிவிட்டுக் குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார், முன்பதிவு உண்டு. பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் பாதைகள்தான். எல்லைக்கு அப்பால், 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை தைமாதத்தை ஒட்டி அனுமதிச்சீட்டு தருகிறது. அங்கேயும் இரவுத் தங்கல் அதிருமலை முகாமின் கொட்டகையில்தான்; நம் கூடாரத்தில் இல்லை.

அப்படியானால் குளச்சல்காரர் தார்ப்பாயை எங்கே கட்டுவது? குலசேகரம், அருமனை, கடையால் பக்கத்தில் உறவினரோ நண்பரோ வைத்திருக்கும் ரப்பர் விளையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. காட்டை ஒட்டிய விளை வேண்டாம். வீடுகள் கண்ணுக்கெட்டும் விளையாக இருக்கட்டும். அங்கிருந்து காலையில் எழுந்து ஊர்ப்பாதைகளிலும் சானல் கரைகளிலும் நடந்தால், ஒரு நாளுக்குப் போதும் என்ற அளவுக்கு நடக்க இடம் இருக்கிறது. வெளியூர்ப் பயணங்களில் அனுமதி பெற்ற முகாம்களிலும் இதே பொருட்கள் கைகொடுக்கும். இந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இரண்டு மழைக்கு நடுவே

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம். குமரிக்கு இரண்டு. ஜூன் தொடங்கி இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை. இவை தவிரச் சித்திரை வைகாசியில் பிற்பகல் இடிமழை உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘வானிலை நன்றாக இருந்தால் கூரை தேவையில்லை’ என்று எழுதியிருப்பார்கள். மலையடிவாரத்தில் மதியம் மூன்று மணிவரை வெயில் அடித்துவிட்டு நாலு மணிக்குக் கொட்டும் மழைக்கு அந்தக் குறிப்பு பொருந்தாது.

வசதியான காலம் என்று பார்த்தால் மார்கழிக் கடைசி முதல் மாசி பாதிவரை. அப்போது ரப்பர் இலை உதிர்க்கும். விளை முழுக்கக் காய்ந்த சருகு. நிழலும் குறைவு. சருகின்மேல் அடுப்பு வைக்கவே கூடாது. நைலானும் பாலிதீனும் ஒரு தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். இரவு உணவைக் கட்டுச்சோறாகக் கொண்டுபோவது சரி.

கார்த்திகை மாதம் பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 29 இரவும் 30 காலையும் ஒக்கிப் புயல் என்ன செய்தது என்பதைக் குளச்சல் மறக்காது. கடலுக்குப் போனவர்களின் கதை நாட்டுக்கே தெரியும். அதே காற்று கரையில் ரப்பரையும் வாழையையும் தேக்கையும் விளைவிளையாகச் சாய்த்தது. வலுவான ஆணிவேர் இருந்தும் ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும் சாதி. தாழ்வு மண்டல எச்சரிக்கை ஒன்று வானிலை மையத்திடமிருந்து வந்திருந்தால், எந்தத் தார்ப்பாயும் எந்தத் தொட்டிலும் வேண்டாம். வீட்டில் இருங்கள்.

தார்ப்பாய்

குளச்சல்காரருக்குத் தார்ப்பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரையில் ஏற்றிய வள்ளத்தின்மேல் கிடக்கும்; கருவாடு மழையில் நனையாமல் மூடும்; ஆழ்கடல் விசைப்படகின் தளத்தில் வாரக்கணக்கில் கூரையாக நிற்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, சுனாமி குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அள்ளிக்கொண்டு போன அந்த வாரங்களில், பல குடும்பங்களுக்கு உலகத்தில் மிஞ்சியது ஒரு பாலிதீன் விரிப்பும் நாலு கம்பும்தான். உலகமெங்கும் பேரிடர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கொடுக்கும் விரிப்புக்கு ஒரு நிலையான அளவு உண்டு: 4 மீட்டருக்கு 6 மீட்டர், எடை சுமார் 5 கிலோ. ஒரு குடும்பத்துக்குக் கூரையாக நிற்கவேண்டிய பொருள் அது. முதுகில் சுமந்து நடக்கப்போகிற நமக்கு அவ்வளவு பெரிது வேண்டாம். ஆனால் அதன் இலக்கணம் நமக்கும் அதேதான்: நெய்த இழைமேல் இருபுறமும் பூச்சு, ஓரத்தில் மடித்துத் தைத்த பட்டை, கயிறு கோக்கக் கிழியாத கண்கள்.

கடையில் தார்ப்பாய் அடிக்கணக்கில் விற்கும். தடிமனை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 12க்கு 9 அடித் தார்ப்பாய் கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர். 90 ஜிஎஸ்எம் என்றால் 900 கிராம், 120 என்றால் 1.2 கிலோ, 200 என்றால் 2 கிலோ. லாரிக்குப் போடும் பருத்திப் படுதாவில் அதே அளவு எடுத்தால் 4 கிலோவைத் தொடும், நனைந்தால் இன்னும் கூடும். வெளிநாட்டு நடைக்காரர்கள் வைத்திருக்கும் சிலிக்கான் பூசிய நைலான் விரிப்பு 50 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். மொத்தம் அரைக் கிலோ. விலை பல மடங்கு.

இதில் எதை எடுப்பது? ஓர் இரவுத் தங்கலுக்கு, நாலைந்து கி.மீ. நடைக்கு, 90 அல்லது 120 ஜிஎஸ்எம் தார்ப்பாய் தாராளமாகப் போதும். நம் கடைகளில் கிடைக்கும், கிழிந்தால் ஒட்டலாம், போனால் மனசு வேகாது. நாள்கணக்கில் நடக்கிறவர்கள் மட்டும் லேசான துணிக்குப் போகட்டும். அவர்களுக்கும் ஒரு செய்தி: நைலான் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், நனைந்ததும் நீண்டு தொய்யும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் மூக்கின்மேல் தொங்கும். எழுந்து இழுத்துக் கட்டவேண்டும். பாலியஸ்டர் துணியில் இந்தத் தொல்லை குறைவு. நம் மழைக்கு நான் பாலியஸ்டரைத்தான் சொல்வேன்.

12க்கு 9 என்ற அளவை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 12 அடி முகட்டுக்கு, 9 அடி இரு சரிவுக்கு என்று வைத்தால் ஒரு பக்கச் சரிவு நாலரை அடி. 45 பாகைச் சாய்வில் தரையோடு இறக்கினால் நடுவில் மூன்றடிக்குச் சற்றுக் கூடுதல் உயரமும், ஆறடிக்கு மேல் அகலமும் கிடைக்கும். இரண்டு பேர் பையோடு படுக்கலாம். அதே பாயை உயர்த்திக் கட்டினால் தொட்டிலுக்கும் அளவெடுத்த கூரை. இதைவிடச் சின்னதாக எடுத்தால் சாரல் உள்ளே வரும். பெரிதாக எடுத்தால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

தண்ணீரையும் காற்றையும் எண்ணில் பார்த்தால் கட்டும் விதம் தானாகப் புரியும். 10 சதுர மீட்டர்மேல் ஒரு செ.மீ. மழை என்பது 100 லிட்டர். மேற்கூரை தட்டையாக இருந்து நடுவில் குழி விழுந்தால் அதில் பாதி அங்கேயே தேங்கும். முடிச்சு அவிழும் அல்லது கண் கிழியும். அதனால் எப்போதும் சரிவு வேண்டும், ஒரு மூலையாவது தாழ்ந்திருக்க வேண்டும். காற்று இன்னும் பொல்லாதது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் முகத்துக்கு நேராக அடித்தால் அந்தப் பாயின்மேல் சுமார் 75 கிலோ அழுத்தம். வேகம் 80 ஆனால் இரட்டிப்பு இல்லை, நாலு மடங்கு, 300 கிலோ. பாய்மரம் கட்டி ஓடிய ஊருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்கத்தையும், வாடை அடிக்கிற மாதங்களில் வடகிழக்குப் பக்கத்தையும் தரையோடு இறக்கிக் கட்டவேண்டும். வாய் எதிர்ப்பக்கம் திறக்கட்டும்.

மலிவுத் தார்ப்பாயில் முதலில் போவது ஓரத்துக் கண்தான். தகர வளையம் பிய்ந்துவிட்டால் கவலை வேண்டாம். ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லைப் பாயின் மூலையில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்கினால் வளையத்தைவிட உறுதியாக நிற்கும். பாயின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இப்படி ஒரு பிடி உண்டாக்கலாம்.

கயிற்று விஷயத்தில் குளச்சல்காரருக்கு இணையில்லை. நைலான் கயிறு நனைந்தால் நீளும், டேன்லைன் கயிறு வெயிலில் கிடந்தால் பொடிந்துபோகும் என்பதைக் கடல் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பாய்க்கு 3 அல்லது 4 மி.மீ. தடிமனில் பாலியஸ்டர் பின்னல் கயிறு நல்லது, நீட்சி குறைவு. முகட்டுக்கு ஒரே கயிறாகப் பத்து மீட்டர், ஓரங்களுக்கு இரண்டிரண்டு மீட்டரில் ஆறு துண்டு. முடிச்சு மூன்று தெரிந்தால் போதும்: அவிழாத கண்ணி ஒன்று, இறுக்கவும் தளர்த்தவும் வழுக்கி நகரும் முடிச்சு ஒன்று, ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு ஒன்று. இருட்டில், நனைந்த விரலால், டார்ச் இல்லாமல் போடவும் அவிழ்க்கவும் வரவேண்டும். வலை தைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இது அரைமணி நேரப் பழக்கம்.

தொங்குபடுக்கை

தொட்டில் நமக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பழக்கம். பெரியவர்கள் இதைப் படுக்கையாக்கிக்கொண்டது கரீபியத் தீவுகளில். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியபோது மரத்துக்கு மரம் கட்டிய பின்னல் படுக்கைகளைப் பார்த்து எழுதிவைத்தார். நூறு வருஷத்துக்குள் அது ஐரோப்பியக் கப்பல்களில் ஏறியது. ஆங்கிலக் கடற்படை 1597 முதல் மாலுமிகளுக்குக் கொடுத்தது. கப்பல் ஆடும்போது படுக்கை ஆடாமல் நிற்கும் என்பது ஒரு காரணம். தளத்து ஈரமும் எலியும் அண்டாது என்பது இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுக் காடுகளுக்கு அமெரிக்கப் படை கொண்டுபோன தொட்டிலில் கொசுவலையும் கூரையும் சேர்த்தே தைத்திருந்தது. வெப்பமண்டலக் காட்டில் தொட்டில் என்றால் இந்த மூன்றும் ஒன்றாகத்தான் என்பதைப் போர்க்காலம் கற்றுக்கொடுத்தது. இன்று நம் ஊரில் விற்கும் மலிவுத் தொட்டில்களில் பாதிக்கு வலையும் இல்லை, கூரையும் இல்லை.

தொட்டிலுக்காக நான் சொல்லும் வாதம் ஒன்றே ஒன்று, ஆனால் கனமானது: தரை. கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் தூங்குகிறவரைக் கடிப்பதுதான் அதன் வழக்கமான கதை; கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குதல் என்று தொடங்கும்போதுதான் தெரியும். அப்படி ஓர் அறிகுறி கண்டால் கட்டுப்போட்டுக் கீறிப் பார்க்காமல் 108ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போல் விஷமுறிவு மருந்தும் சுவாசக் கருவியும் உள்ள இடத்துக்குப் போகவேண்டும். மழைக்குப் பிந்திய மாதங்களில் புதர்ப் பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் தமிழ்நாட்டில் உண்டு. அட்டை, செவ்வெறும்பு, தேள் எல்லாம் தரைக்காரர்கள். இரண்டடி மேலே தொங்கினால் இவற்றில் பெரும்பாலானவை உங்களை எட்டாது. தரையில் படுப்பவர் குறைந்தபட்சம் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகியாவது படுக்கவேண்டும். அதுவே பெரிய காப்பு.

இனி கட்டும் முறை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுவது. தொட்டிலை விறைப்பாக இழுத்துக் கட்டினால் கட்டில் போலத் தட்டையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. 70 கிலோ எடையுள்ளவர், கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கக் கட்டினால், ஒவ்வொரு கயிற்றிலும் விசை 70 கிலோ. 15 பாகையில் 135. 10 பாகையில் 200. 5 பாகையில் 400 கிலோ. அதாவது விறைப்பாக இழுக்க இழுக்க, படுக்கிறவர் ஐந்தாறு பேர் கனம் ஆகிறார். கயிறு அறுவதும், கொக்கி நிமிர்வதும், பட்ட மரம் சாய்ந்து ஆள்மேல் விழுவதும் இப்படித்தான். தளர்வாகக் கட்டுங்கள். துணி நன்றாக வளைந்து தொங்கட்டும். பிறகு நேராகப் படுக்காமல் மூலைவாட்டாகப் படுங்கள். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம். முதுகு கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இதற்குத் துணி மூன்றே கால் மீட்டர் நீளமாவது, ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்கவேண்டும். சிறியது வாங்கினால் விடிய விடிய வளைந்தே கிடக்கவேண்டும். பழைய சேலையும் பழைய வலையும் இதற்கு உதவாது: சேலை குழந்தைக்குத் தாங்கும், ஆளுக்குத் தாங்காது, வலையின் முடிச்சு முதுகில் பதியும்.

தொட்டிலுக்குக் கீழே காற்று ஓடும். கோடையில் சுகம். தை மாதத்தில், அதிலும் கொஞ்சம் உயரமான இடத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு விறைக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் தீராது. கீழே ஒரு நுரைப்பாயோ தடித்த போர்வையோ விரித்துக்கொள்ள வேண்டும். மழையில் இன்னொரு தொல்லை: மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தொட்டிலுக்குள் வந்துவிடும். தொட்டிலுக்குச் சற்று முன்னால், கூரைக்கு உள்ளே, கயிற்றில் ஒரு துண்டுச் சரடைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே தரைக்கு இறங்கிவிடும்.

மரம் யாருடையது?

ரப்பர் விளையில் மரங்கள் வரிசையாக, நாலைந்து மீட்டர் இடைவெளியில் நிற்கும். தொட்டிலுக்கு அளவெடுத்ததுபோல் தோன்றும். ஆனால் பால் வெட்டும் மரத்தில் கட்டக்கூடாது. அந்தப் பட்டைதான் ஒரு குடும்பத்தின் வருமானம். வெட்டுப்பட்டையில் கயிறு உராய்ந்து காயம்பட்டால் அந்த இடத்தில் மறுபட்டை சீராக வளராது. மழைக்காலத்துக்காக ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடையும் பிய்ந்துபோகும். பால்வெட்டுக்காரர்கள் தலைவிளக்கோடு விடியுமுன்பே வரிசையில் நுழைந்துவிடுவார்கள். அவர்கள் நடக்கும் தடத்தில் கழுத்துயரக் கயிறு குறுக்கே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டு நிறுத்திய முதிர்மரமும் ஆகாது; காற்றுக்கு முதலில் முறிவது அதுதான்.

தென்னையின் கீழே தொட்டிலும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம். காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. கமுகு ஆளின் கனத்துக்கு வளையும். மிஞ்சுவது விளை ஓரத்துப் பலா, அயனி, புளி, மா போன்ற உயிருள்ள தடித்த மரங்கள். அவற்றிலும் பட்ட கிளை தலைக்கு மேலே இல்லையா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான். கயிற்றை நேராக மரத்தில் சுற்றக்கூடாது. இரண்டு அங்குலமாவது அகலமுள்ள நாடாப் பட்டையைப் போட்டு அதில் கயிற்றை மாட்டவேண்டும்.

இப்படி வடிகட்டிக்கொண்டே வந்தால், நம் மாவட்டத்தில் தொட்டில் கட்டத் தகுந்த இரண்டு மரம், சரியான தூரத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு கிடைப்பது அவ்வளவு எளிதில்லை என்று தெரியும். தார்ப்பாய்க்கு ஒரு மரமும் ஒரு கம்பும் போதும். மரமே இல்லாத வெட்டவெளியிலும் இரண்டு கம்பை நட்டு நிறுத்திவிடலாம். நான் கூரையை முதலில் வாங்கச் சொல்வதற்கு எடையையும் விலையையும்விட இதுவே பெரிய காரணம். கையில் முதலில் வரும் பணத்தில் 12க்கு 9 தார்ப்பாய், கயிறு, ஒற்றைக் கொசுவலை, அடியில் விரிக்க ஒரு நுரைப்பாய். இதிலேயே ஒரு பருவம் முழுக்கத் தங்கிப் பழகலாம். அதற்குப் பிறகு, முதுகு தரையோடு ஒத்துப்போகவில்லை, மரம் உள்ள இடம் கைவசம் இருக்கிறது என்றால், வலை சேர்த்துத் தைத்த தொட்டிலை வாங்குங்கள். கூரை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

முதல் இரவை வீட்டு முற்றத்தில் வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மழை பெய்கிற ஒரு மாலையில் கட்டி, விடியும்வரை படுத்துப் பார்த்தால் எந்த மூலை ஒழுகுகிறது, எந்த முடிச்சு தளர்கிறது என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் பாயை உப்புக்காற்றில் ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து நாறும்; பூச்சு உரியும்.

ஒரு கோரிக்கை

1930இல் சிட்னியில் வேலை இழந்த பேடி பாலின் என்பவர், புதர்க்காட்டில் நடப்பவர்களுக்கு லேசான கூடாரமும் பையும் தைத்து விற்கத் தொடங்கினார். அங்கே நடைக்காரர்கள் சங்கம் வைத்து நடந்தார்கள், காட்டைக் காக்கவும் அரசிடம் பேசினார்கள். இன்று அதே நாட்டில், டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் பாதையில் அக்டோபர் முதல் மே வரை முன்பதிவு இல்லாமல் கிளம்ப முடியாது. தங்குமிடங்களில் மரத்தாலான மேடைகள் இருக்கின்றன. கூடாரத்தை அதன்மேல்தான் அடிக்கவேண்டும். மண் மிதிபடாது, ஆட்களின் எண்ணிக்கையும் கட்டுக்குள் இருக்கும்.

குமரியில் அப்படி ஒரு தங்குமிடம் அமைப்பதற்கான இடம் நம் கையிலேயே இருக்கிறது. 1984 முதல் இயங்கும் அரசு ரப்பர் கழகத்திடம் கீரிப்பாறை, கோதையாறு பகுதிகளில் தோட்டங்கள் உள்ளன. யானைத்தடம் இல்லாத, சூரியமின் வேலிக்கு உள்ளே வரும், தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள ஏதேனும் ஓர் ஏக்கரை இரவுத் தங்கலுக்கு ஒதுக்கலாம். பெரிய செலவில்லை. ஐந்து மீட்டர் இடைவெளியில் இரும்புக் கம்பங்கள் பத்து ஜோடி; தரையில் படுப்பவர்களுக்குச் சிமென்ட் திண்டு நாலு; ஒரு குழாய், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை. காவலுக்கும் வழிகாட்டவும் காணிக் குடியிருப்புகளிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் ஆட்களை எடுக்கலாம். ரப்பர் விலை சரியும்போதெல்லாம் வேலைநாள் குறைகிற அந்த மக்களுக்கு அது நேரான வருமானம். ‘ட்ரெக் தமிழ்நாடு’ முன்பதிவிலேயே இதையும் சேர்த்துவிட்டால், இப்போது ஆற்றங்கரையிலும் அணையோரத்திலும் ஒளிந்து கூடாரம் போடுகிற பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், கணக்கில் உள்ளவர்களாகத் தங்குவார்கள். வனத்துறையும் ரப்பர் கழகமும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது. அடுத்த தை மாதத்துக்குள் ஓர் இடத்திலாவது தொடங்கிப் பார்க்கட்டும்.